கட்டணம் இல்லாத படிப்புக்கு எதற்கு உதவித்தொகை?

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் முன்னாள் மாணவர் சங்கங்கள் இப்போது சுறுசுறுப்பாக இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கும். ஒரு பெருநாள் விடுமுறையில் எல்லோரும் கூடுவார்கள், பழைய ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்துவார்கள், பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கடுத்து வருவது கல்வி உதவித்தொகை. அல்ஹம்துலில்லாஹ், நல்ல வளர்ச்சிதான். ஆனால் அந்தத் தொகை யாருக்குப் போகிறது என்று பார்த்தால், பொறியியல், மருத்துவம், கலை அறிவியல் கல்லூரி என்ற மூன்று வாசல்களோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் 500க்கு 220 வாங்கி, ஐ.டி.ஐ.யில் சேர்ந்து எலக்ட்ரீஷியன் ஆகலாம் என்று நினைக்கும் பிள்ளை விண்ணப்பத்தோடு வந்தால், "அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமே இல்லையே தம்பி, உனக்கு எதற்கு உதவித்தொகை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. கேள்வியும் நியாயமாகத்தான் தெரிகிறது. அதற்குப் பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், படிப்பைப் பற்றிச் சில விவரங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டம் 1950இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், ஏ.சி. மெக்கானிக் ஆகியவை இரண்டு ஆண்டுப் படிப்புகள். வெல்டர், பிளம்பர், தையல் தொழில்நுட்பம், கணினி இயக்குபவர் ஆகியவை ஓராண்டு. பெரும்பாலான பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்ற சிலவற்றுக்கு எட்டாம் வகுப்பே போதும். தேர்ச்சி பெற்றால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்தப்பட்டு, 2023 முதல் ரோபாட்டிக்ஸ் போன்ற பிரிவுகளும் வந்துவிட்டன. "வேறு எங்கும் இடம் கிடைக்காதவன் போகும் இடம்" என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள், ஒரு நாள் பக்கத்து ஐ.டி.ஐ.க்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இன்னொரு தவறான எண்ணம், ஐ.டி.ஐ.யோடு படிப்புக் கதவு மூடிவிடும் என்பது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றிதழும் பெறலாம். பட்டப்படிப்புக்குப் போக நினைப்பவருக்கு அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

எதிரில் நிற்பது கட்டணம் அல்ல, நாள்கூலி

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பது உண்மை. அதோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை எல்லாம் அரசு தருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். இரண்டையும் கூட்டினால் 1,750.

இப்போது மறுபக்கம். அதே பதினாறு வயதுப் பையன் ஊரில் ஒரு வயரிங் மேஸ்திரியோடு கையாளாகப் போனால், நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 12,500. வாப்பா உடல்நிலை சரியில்லாதவர், வீட்டு வாடகை பாக்கி, அக்காவுக்கு நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற வீட்டில், அந்த 12,500 ரூபாய்க்கும் 1,750 ரூபாய்க்கும் நடுவில் அந்தப் பையன் நிற்கிறான். அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். சோம்பேறித்தனமும் இல்லை, படிப்பு ஏறாததும் இல்லை. கல்லூரிப் பிள்ளைக்குத் தடை கட்டணம். ஐ.டி.ஐ. பிள்ளைக்குத் தடை, அவன் வீட்டுக்குக் கொண்டுவராத கூலி. இந்த வேறுபாடு புரியாமல் வகுத்த உதவித்தொகை எதுவும் அவனுக்குப் பயன்படாது.

அந்த 500 ரூபாயை இன்றே வாங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இன்று ஒன்றும் கெடாது. பதினாறு வயதில் 500 வாங்கும் கையாள் முப்பது வயதிலும் கையாளாகவே நிற்கும்போதுதான் நஷ்டம் தெரியும். அனுபவத்தை வைத்து எழுதும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது என்பது சரி. ஆனால் பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, குடும்பமும் குழந்தையும் ஆன பிறகு, அதை எழுதி மேலே வருபவர்கள் எத்தனை பேர் என்று அந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வளைகுடாவுக்குப் போகும் வழக்கமுள்ள நம் ஊர்களுக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். பத்தாம் வகுப்புத் தேறியவருக்குப் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சரிபார்ப்புக் கட்டுப்பாடு வராது. தேறாதவருக்கு வரும். எனவே பத்தாம் வகுப்பைப் பாதியில் விடக் கூடாது என்பது முதல் படி. இரண்டாவது, சவூதி அரேபியா இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், ஏ.சி. மெக்கானிக் போன்ற வேலைகளுக்குப் போகும் இந்தியர்களுக்குப் புறப்படும் முன்பே இங்கே திறன் தேர்வு வைக்கிறது. வயரைப் பார்த்து வேலை செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, மின்சுற்று வரைபடத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். "ஹெல்பர்" என்று விசாவில் எழுதிப் போனவருக்கும் "எலக்ட்ரீஷியன்" என்று எழுதிப் போனவருக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம் என்பதை இந்த இதழை அங்கிருந்து படிக்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பணம் எங்கே தேவைப்படுகிறது

கூலி இடைவெளி முழுவதையும் எந்தச் சங்கத்தாலும் நிரப்ப முடியாது. நிரப்பவும் வேண்டியதில்லை. வீட்டில் அரிசி, பால் கணக்குக்கு உதவும் அளவு, மாதம் 1,500 அல்லது 2,000 ரூபாய் தவறாமல் வந்தால், "இன்னும் ஒரு வருடம் படிக்கட்டும்" என்று உம்மா சொல்வார். தவறாமல் என்பதுதான் முக்கியம். ஆண்டு விழாவில் ஒரே தடவை கொடுக்கும் 15,000 ரூபாய், பழைய கடனுக்குப் போய்விடும். அதையே பத்து மாதமாகப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளை வகுப்பில் இருப்பான். இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

அடுத்த இடம், அரசுத் திட்டங்களின் ஓரத்தில் விழும் பிள்ளைகள். மேலே சொன்ன மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலும் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு உரியது. நம் சமுதாயப் பள்ளிகள் பல, அரசு உதவி பெறுபவை. அவற்றிலேயே ஆங்கில வழியில் படித்த பிள்ளைக்கும், கட்டணப் பள்ளியில் கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்கும் இந்தத் தொகை கிடையாது. ஒரே தெருவில், ஒரே வருமானமுள்ள இரண்டு வீடுகளில் ஒரு வீட்டுக்கு வரும், இன்னொரு வீட்டுக்கு வராது. பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்குத்தான் இந்த ஓரம் நன்றாகத் தெரியும். முதலில் பார்க்க வேண்டியதும் இவர்களைத்தான். (விதிகள் அவ்வப்போது விரிவாக்கப்படுகின்றன. அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவும்.)

அரசு ஐ.டி.ஐ.யில் விரும்பிய பிரிவு கிடைக்காமல் தனியார் ஐ.டி.ஐ.க்குப் போகும் பிள்ளைக்குக் கட்டணமே செலவுதான். அங்கே பணம் கட்டும் முன், அந்த நிலையத்தின் அந்தப் பிரிவுக்குத் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "டிப்ளமோ" என்று பெரிய எழுத்தில் பலகை வைத்து, தாங்களே அச்சடித்த சான்றிதழ் தரும் இடங்களும் நகரங்களில் உண்டு. சங்கத்தின் பணம் அங்கே போனால் பிள்ளையின் ஓராண்டும் சேர்ந்து போகும்.

கடைசியாகக் கருவிகள். பயிற்சி நிலையத்தில் கருவி உண்டு. படித்து வெளியே வந்ததும் கையில் ஒன்றும் இருக்காது. கட்டிங் பிளேயர், டெஸ்டர், மல்ட்டிமீட்டர், ஸ்குரூடிரைவர் செட், டிரில்லிங் மெஷின், பாதுகாப்புக் காலணி, கையுறை என்று ஓர் எலக்ட்ரீஷியனின் அடிப்படைப் பெட்டியை ஐந்தாறு ஆயிரத்துக்குள் கட்டலாம். ஏ.சி. மெக்கானிக்குக் கேஜ், வேக்குவம் பம்பு என்று இன்னும் அதிகமாகும். சொந்தக் கருவி இல்லாத எலக்ட்ரீஷியன், கருவி வைத்திருப்பவருக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய நாளிலேயே அவனை மறுபடி கையாளாக ஆக்குவது இந்தப் பெட்டி இல்லாமைதான்.

ஜகாத், ஸதகா, கணக்கு

கருவி என்றதும் ஒரு ஃபிக்ஹ் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜகாத் என்றால் அரிசியும் துணியும் சில்லறையும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) தம் 'அல்மஜ்மூஃ' நூலில், தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாம், அதன் விலை குறைவாக இருந்தாலும் கூடுதலாக இருந்தாலும் சரி என்று விளக்கியிருக்கிறார்கள். கருவிப் பெட்டி என்பது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஜகாத் பணத்தில் வாங்கிய கருவி அந்தப் பிள்ளைக்கே சொந்தமாக வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் உடைமையாக்கிக் கொடுப்பது ஜகாத் நிறைவேறுவதற்கே நிபந்தனை. சங்க அலுவலகத்தில் வைத்து இரவல் கொடுக்கும் பொதுக் கருவிகளை அந்தப் பணத்தில் வாங்கக் கூடாது. இரண்டு, பள்ளி எல்லோருக்குமானது. நம் சமுதாயப் பள்ளிகளில் மற்ற சமயத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களும் முன்னாள் மாணவர்களாகிச் சந்தா தருகிறார்கள். ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவர்கள் யார் என்பதற்கு மார்க்க வரையறை இருக்கிறது. ஸதகாவுக்கும் பொது நன்கொடைக்கும் அந்த வரையறை இல்லை. ஆகவே இரண்டு கணக்கு, இரண்டு ரசீதுப் புத்தகம் வைக்க வேண்டும். உதவித்தொகை பொது நிதியிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகட்டும். ஜகாத் தனியாக, உள்ளூர் ஆலிம்களின் ஆலோசனைப்படி போகட்டும். வருமான வரிச் சட்டத்தின் 80ஜி சலுகை வேண்டும் என்றாலும், நிதி ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது என்பதே விதி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையும் கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் பல சங்கங்கள் தெரியாமல் சிக்கிக்கொள்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலிருந்து தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே பள்ளியில் படித்து, பிறகு சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. இந்திய வம்சாவளி அட்டை இருந்தாலும் இதே நிலைதான். அனுப்புபவரிடம் "நீங்கள் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் அண்ணன்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதோ, எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும், வேண்டவே வேண்டாம். அவருக்கும் அது பாதுகாப்பல்ல.

தொகையைப் பற்றி மலைக்க வேண்டியதில்லை. ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்பு முடித்த 60 பேர் மாதம் 200 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 1,44,000. ஆறு பிள்ளைகளுக்கு மாதம் 1,500 வீதம் 1,08,000 போக, மீதி 36,000 இருக்கும். ஆண்டுதோறும் படிப்பை முடிக்கும் மூவருக்குக் கருவிப் பெட்டியும், புதிதாகச் சேர்பவர்களின் ஆரம்பச் செலவும் அதில் அடங்கும். ஆனால் ஒரு பிள்ளையை எடுத்தால் இரண்டாண்டுக்கும் எடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டுப் பணம் கையில் இல்லாமல் ஏழாவது பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதை விட, ஆறோடு நிறுத்துவது நல்லது. பாதியில் நின்ற உதவித்தொகை, உதவியே செய்யாததை விட மோசம். அதை நம்பி அவன் வேலையை விட்டிருப்பான்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இந்த உதவித்தொகை தொடங்கிய நோக்கமே போய்விடும். சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதியிலேயே முந்தைய தேர்வில் 50 விழுக்காடு என்று இருக்கிறது. ஐ.டி.ஐ.க்குப் போகும் பிள்ளைகளில் பலர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வகுப்பாசிரியரைக் கேட்க வேண்டும். பள்ளியில் மின்விசிறி நின்றால் யார் ஏறிப் பார்ப்பான், யார் சைக்கிளைப் பிரித்து மாட்டுவான் என்பது அவருக்குத் தெரியும். வீட்டு நிலை மஹல்லா ஜமாஅத்துக்குத் தெரியும். இந்த இரண்டு பேரின் சொல்லும், பிள்ளைக்கே அந்தத் தொழிலில் விருப்பம் இருக்கிறதா என்ற ஒரு பேச்சும் போதும். பத்துப் பக்க விண்ணப்பம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. பெண்களுக்கு என்று தனி அரசு ஐ.டி.ஐ.க்களும் இருக்கின்றன. மற்றவற்றிலும் இடம் உண்டு. சேர்க்கைக்கு ஆண்களுக்கு 40 வயது வரம்பு, பெண்களுக்கு மேல் வரம்பே கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்று, திருமணமாகி, இப்போது ஒரு தொழில் வேண்டும் என்று நினைக்கும் சகோதரியும் சேரலாம். பெற்றோரின் தயக்கம் பெரும்பாலும் போக்குவரத்தைப் பற்றியது. ஒரே ஊரிலிருந்து மூன்று நான்கு பேரை ஒரே நிலையத்தில் சேர்த்து, ஒரு ஆட்டோவுக்கு மாதக் கட்டணத்தைச் சங்கம் கட்டினால் அந்தத் தயக்கம் பாதி குறையும். உதவித்தொகை எப்போதும் பிள்ளையின் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்றில்லை.

தொடர்வதற்கு ஒரே நிபந்தனை போதும், வருகைப் பதிவு. அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவே 80 விழுக்காடு வருகை வேண்டும் என்பதால் அதையே சங்கமும் வைத்துக்கொள்ளலாம். வருகை குறைந்தால் உடனே தொகையை நிறுத்தாமல், சங்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். கொடுப்பதை மேடையில் கொடுக்க வேண்டாம். அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் குழுவில் போட வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன் வகுப்புத் தோழர்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்பது தெரியும்.

பணத்தை விடப் பெரிய உதவி ஒன்றும் முன்னாள் மாணவர்கள் கையில் இருக்கிறது. படித்து முடித்தவர் ஒரு நிறுவனத்தில் தொழிற்பழகுநராக இருந்தால்தான் கை பழகும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். நான்கு பேருக்கு மேல் இருந்தால் விருப்பப்பட்டால் எடுக்கலாம். நம் முன்னாள் மாணவர்களில் தோல் தொழிற்சாலை வைத்திருப்பவர், ஏ.சி. சர்வீஸ் சென்டர் வைத்திருப்பவர், கட்டட ஒப்பந்தக்காரர், ஒர்க்‌ஷாப் உரிமையாளர் எத்தனை பேர்! அவர்களில் பலர் தாங்கள் பழகுநரை எடுக்க முடியும் என்பதையே அறியாதவர்கள். 2019இல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் தர வேண்டும் என்று இருந்தது. 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் பழகுநர் தொகையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு ஏற்கிறது. சந்தா தர முடியாத முன்னாள் மாணவர், தம் கடையில் ஒரு பிள்ளைக்கு இப்படி இடம் கொடுத்தால், அது பல ஆண்டுச் சந்தாவுக்குச் சமம்.

காலம் தவறினால் இவ்வளவும் வீண். பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வருகிறது. ஐ.டி.ஐ. இணையவழி விண்ணப்பம் அதையொட்டியே தொடங்கிவிடும். நல்ல பிரிவுகள் முதல் கலந்தாய்விலேயே நிரம்பும். சங்கம் டிசம்பரில் கூடி முடிவெடுத்தால் அந்தப் பையன் அதற்குள் ஆறு மாதக் கையாள். பிப்ரவரியிலேயே பள்ளிக்குப் போய்ப் பட்டியல் வாங்கி, பொதுத்தேர்வு முடிந்த வாரத்தில் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு வேனில் ஏற்றி அருகிலுள்ள ஐ.டி.ஐ.யைக் காட்டி, சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்களை ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் எடுத்து வைத்து, முதல் மாதத் தொகையைச் சேர்க்கை நடந்த அதே வாரத்தில் கொடுத்துவிட வேண்டும்.